அஞ்சல் பெட்டி ஏன் திணறுகிறது? ஜெர்மனியின் சர்வர்களும் சட்டங்களும்

ஜெர்மனியில் எந்த அலுவலகத்துக்குள் போனாலும் சுவர் நீள அலமாரியில் வரிசையாக நிற்கும் கெட்டி அட்டைக் கோப்புகளைப் பார்க்கலாம். எட்டு சென்டிமீட்டர் அகல முதுகு, அதில் ஆண்டும் பொருளும் எழுதிய சீட்டு, உள்ளே தாள்களைக் கவ்விப் பிடிக்கும் இரும்பு நெம்புகோல். ஸ்டுட்கார்ட்டில் லூயி லைட்ஸ் 1896-இல் உருவாக்கிய அமைப்பு இது. ஜெர்மானியர்கள் இதை ‘ஓர்ட்னர்’ என்கிறார்கள். மின்னஞ்சல் மென்பொருளில் இருக்கும் ஃபோல்டருக்கும் அவர்கள் வைத்திருக்கும் பெயர் அதேதான். பெயர் ஒன்று, குணம் வேறு. அட்டைக் கோப்பில் தாள் மிஞ்சினால் நெம்புகோல் மூடாது. குமாஸ்தா அடுத்த கோப்பை எடுத்து முதுகில் அடுத்த ஆண்டை எழுதியே ஆக வேண்டும். மின்னஞ்சல் ஃபோல்டருக்கு அப்படி மூட மறுக்கும் நெம்புகோல் கிடையாது. பத்தாயிரம் அஞ்சலையும் வாங்கிக்கொள்ளும், ஐந்து லட்சத்தையும் வாங்கிக்கொள்ளும். ஒரு நாள் இன்பாக்ஸைத் திறக்க இரண்டு நிமிடம் ஆகும்போது, தேடினால் பாதி மட்டும் வரும்போது, அனுப்பியவருக்கே அஞ்சல் திரும்பிப் போகும்போதுதான் விஷயம் வெளியே தெரியும். அந்த நிலையில் பெரும்பாலான அலுவலகங்கள் செய்வது ஒன்றுதான்: “பழையதை எல்லாம் அழியுங்கள்” என்று சுற்றறிக்கை விடுவது. அது பிழையான வைத்தியம் என்பது இக்கட்டுரையின் வாதம். திணறலுக்குக் காரணம் பெரும்பாலும் கிலோபைட் கணக்கில் இல்லை. அஞ்சல் வந்து இறங்கும் இடத்தையே ஆவணக் கிடங்காகவும் வைத்துக்கொண்டதில் இருக்கிறது. ஜெர்மனியின் சட்டமும் சர்வரின் உள்ளமைப்பும் இதில் ஒரே பக்கம் நிற்கின்றன.

இந்தக் குழப்பம் தொடக்கத்தில் இருந்ததில்லை. ஜெர்மனிக்கு முதல் இணைய மின்னஞ்சல் வந்தது 1984 ஆகஸ்ட் 3 அன்று, கார்ல்ஸ்ரூ பல்கலைக்கழகத்துக்கு. அமெரிக்காவிலிருந்து லாரா பிரீடன் அனுப்பியதை மிஹாயேல் ரோட்டர்ட் பெற்றார். அதே ஆண்டு அக்டோபரில் வெளியான ‘பாப்’ நெறிமுறைக்கு சர்வர் என்பது ஒரு தங்குமடம்: பயனரின் கணினி வந்து அஞ்சலை எடுத்துக்கொண்டு போய்விடும், மடம் காலியாகும். இரண்டு ஆண்டு கழித்து ஸ்டான்ஃபோர்டில் மார்க் கிரிஸ்பின் ‘ஐமேப்’ முறையை வடிவமைத்தார். அதில் அஞ்சல் சர்வரிலேயே இருக்கும், பயனர் எங்கிருந்தும் பார்க்கலாம். வீட்டில், அலுவலகத்தில், கைபேசியில் என்று எங்கும் ஒரே இன்பாக்ஸ் தெரிவதற்கு அதுவே அடிப்படை. அந்த வசதியோடுதான் தங்குமடம் கிடங்காக மாறியது. மாறியதை யாரும் முடிவெடுத்துச் செய்யவில்லை, அதனால் கிடங்குக்கு வேண்டிய ஒழுங்கும் அதனுடன் வரவில்லை.

இப்போது பழுது பார்க்கும் வேலைக்கு வருவோம். முதலில் வரும் புகார் “இடம் இல்லை” என்பது. நிர்வாகி வட்டின் அளவைப் பார்க்கிறார். பாதி காலியாக இருக்கிறது. ஆனால் புதிய அஞ்சலை எழுத முடியாமல் சர்வர், இடமில்லை என்ற பிழைச் செய்தியையே திரும்பத் திரும்பப் பதிவு செய்கிறது. இது பேய் வேலை இல்லை, கூட்டல் கழித்தல் கணக்கு. ‘மெயில்டிர்’ என்ற சேமிப்பு முறையில் ஒவ்வொரு அஞ்சலும் தனித்தனிக் கோப்பு. லினக்ஸின் ‘எக்ஸ்ட் 4’ வட்டமைப்பில் ஒவ்வொரு கோப்புக்கும் ‘ஐநோடு’ என்ற ஒரு பதிவுச்சீட்டு வேண்டும். வட்டைத் தயார் செய்யும்போதே, வழக்கமான அமைப்பில், 16 கிலோபைட்டுக்கு ஒரு சீட்டு என்று ஒதுக்கிவிடுகிறார்கள். ஒரு டெராபைட்டுக்கு ஏறத்தாழ 6.7 கோடி சீட்டு. ஐந்து கிலோபைட் அஞ்சல் ஒன்று நான்கு கிலோபைட் கட்டம் இரண்டைப் பிடித்துக்கொள்ளும், அதாவது எட்டு கிலோபைட். அப்படிப்பட்ட சிறு அஞ்சல்களே குவியும் சர்வரில் பாதி வட்டு நிறையும்போதே சீட்டுகள் தீர்ந்துவிடும். தானியங்கி அறிவிப்புகள், கண்காணிப்பு எச்சரிக்கைகள், பிழை அறிக்கைகள் வந்து விழும் பெட்டிகளில் இதுதான் நடக்கிறது. இங்கே ஒரு பயனர் பெரிய அட்டாச்மென்ட் நூறை அழித்தாலும் நூறு சீட்டு மட்டுமே விடுபடும். அளவைப் பார்த்து அழிக்கச் சொன்ன சுற்றறிக்கையால் எள்ளளவும் பயனில்லை. எண்ணிக்கையைப் பார்த்திருந்தால் ஐந்து நிமிடத்தில் காரணம் கிடைத்திருக்கும்.

நேர் எதிரான நோயும் உண்டு. ஒன்பது மெகாபைட் பி.டி.எஃப். ஒன்றை அஞ்சலில் இணைத்தால் அது எழுத்து வடிவக் குறியீடாக மாறி 12 மெகாபைட்டுக்கு மேல் ஆகிவிடுகிறது. அதை அலுவலகத்தில் 30 பேருக்கு அனுப்பினால் 30 பெட்டியிலும் 30 பிரதி. மைக்ரோசாஃப்ட் எக்ஸ்சேஞ்ச் ஒரு காலத்தில் ஒரே பிரதியை வைத்துப் பலருக்கும் காட்டியது. 2010 பதிப்பில் அந்த ஏற்பாட்டைக் கைவிட்டது. இங்கே தொல்லை எண்ணிக்கையால் வரவில்லை, கனத்தால் வருகிறது. இரண்டு நோய்க்கும் அறிகுறி ஒன்று, மருந்து வேறு.

“சரி, அழித்துத்தான் பார்ப்போமே, என்ன நஷ்டம்?” என்று கேட்கலாம். நஷ்டம் உண்டு. ஐமேப் முறையில் அழிப்பது இரண்டு படியாக நடக்கிறது. பயனர் அழித்ததும் அஞ்சலின் மேல் ‘அழிக்கப்பட்டது’ என்ற கொடி மட்டும் ஏறுகிறது. ‘எக்ஸ்பஞ்ச்’ என்ற இரண்டாவது கட்டளை வந்தால்தான் அது உண்மையில் போகும். பல மென்பொருள்கள் நடுவில் குப்பைத் தொட்டி ஃபோல்டருக்கு ஒரு நகலை வேறு எடுத்து வைக்கின்றன. ஆக, நிறைந்த பெட்டியில் அழிக்கத் தொடங்கியதும் முதலில் இடம் கூடுதலாகச் செலவாகலாம். ஒதுக்கீட்டு வரம்பைத் தொட்டுவிட்ட பெட்டியில் அழிக்கவே முடியாமலும் போகலாம். அதையும் தாண்டி மூன்று லட்சம் கோப்பை அழித்துவிட்டார்கள் என்றே வையுங்கள். ஃபோல்டர் அப்போதும் மெதுவாகவே திறந்தால் ஆச்சரியப்பட வேண்டாம். எக்ஸ்ட் 4 வட்டமைப்பில் ஓர் அடைவு கோப்புகளால் ஒருமுறை பருத்துவிட்டால், கோப்புகள் போன பிறகும் அடைவு இளைப்பதில்லை. காலி வரிசைகளைத் தாண்டித் தாண்டித்தான் மிச்சமுள்ள அஞ்சல்களைப் படிக்க வேண்டும். மிச்சத்தைப் புதிய ஃபோல்டர் ஒன்றுக்கு மாற்றினால்தான் வேகம் திரும்பும். அழித்தது உதவவில்லை, பிரித்ததே உதவியது என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

அவசரத்தில் செய்யும் இன்னொரு காரியம் இன்டெக்ஸ் கோப்புகளை அழிப்பது. உலகின் ஐமேப் சர்வர்களில் பெரும்பங்கில் ஓடும் ‘டவ்காட்’ மென்பொருள் ஃபின்லாந்தின் திமோ சிராய்னன் எழுதியது. 2015 முதல் அது ஓப்பன் எக்ஸ்சேஞ்ச் என்ற ஜெர்மன் நிறுவனத்தின் கையில் இருக்கிறது. மெயில்டிர் முறையில் அதன் இன்டெக்ஸும் கேஷும் கெட்டுப்போனால் அழித்துவிடலாம், சர்வர் மறுபடி கட்டிக்கொள்ளும். ஆனால் பக்கத்திலேயே ‘யுஐடி பட்டியல்’ என்று ஒரு சிறு கோப்பு இருக்கிறது. எந்த அஞ்சலுக்கு எந்த நிரந்தர எண் என்று அதில்தான் எழுதியிருக்கிறது. அதையும் சேர்த்துத் துடைத்துவிட்டால் சர்வர் எல்லா அஞ்சலுக்கும் புது எண் கொடுக்கும். அதைக் கண்ட ஒவ்வொரு கணினியும் கைபேசியும் தன்னிடமுள்ள நகலைத் தூக்கியெறிந்துவிட்டு முழுப் பெட்டியையும் மீண்டும் இறக்கும். 20 கிகாபைட் பெட்டியை ஐந்து கருவிகள் பார்க்கின்றன என்றால் 100 கிகாபைட் போக்குவரத்து. ஏற்கெனவே மூச்சு வாங்கும் சர்வரை அது அன்று மாலைக்குள் படுக்க வைத்துவிடும். டவ்காட்டின் மற்றொரு சேமிப்பு முறையான ‘டிபாக்ஸ்’ வகையில் நிலைமை இன்னும் மோசம்: படித்தது, பதில் எழுதியது முதலான குறிகள் இன்டெக்ஸில் மட்டுமே இருக்கும், அதை அழித்தால் அவையும் போய்விடும். எந்தச் சேமிப்பு முறை என்று தெரியாமல் கை வைப்பது, மருந்துச் சீட்டைப் படிக்காமல் ஊசி போடுவதற்குச் சமம்.

எவ்வளவு அஞ்சல் என்றால் அதிகம்? ஒரு ஃபோல்டரில் ஒரு லட்சத்தைத் தாண்டினால் அவுட்லுக் தடுமாறும் என்று மைக்ரோசாஃப்டே சொல்கிறது. அதன் எக்ஸ்சேஞ்ச் ஆன்லைன் சேவையில் ஒரு ஃபோல்டருக்கு உச்சவரம்பு பத்து லட்சம். இரண்டு எண்ணுக்கும் நடுவில்தான் பெரும்பாலான துன்பம் நடக்கிறது: சர்வர் ஏற்கிறது, பயனரின் மென்பொருள் தாங்கவில்லை. பழைய மென்பொருள்கள் ஃபோல்டரைத் திறக்கும் ஒவ்வொரு முறையும் அத்தனை அஞ்சலின் குறிகளையும் கேட்டு வாங்குகின்றன. கடைசியாகப் பார்த்த பிறகு மாறியவற்றை மட்டும் கேட்கும் ‘காண்ட்ஸ்டோர்’ என்ற ஏற்பாடு 2006-இலேயே தரமாகிவிட்டது. மென்பொருளைப் புதுப்பித்தாலே பாதி புகார் தீரும் அலுவலகங்கள் இருக்கின்றன.

இந்த விஷயத்தை ஜெர்மனி அண்மையில் பெரிய அளவில் எதிர்கொண்டது ஷ்லெஸ்விக்-ஹோல்ஸ்டைன் மாநிலத்தில். அம்மாநில அரசு எக்ஸ்சேஞ்ச், அவுட்லுக் இரண்டையும் விட்டுவிட்டு ஓப்பன் எக்ஸ்சேஞ்ச், தண்டர்பேர்டு என்ற திறந்த மூல மென்பொருளுக்கு மாறியது. ஆறு மாத வேலைக்குப் பிறகு 2025 அக்டோபரில் மாற்றம் நிறைவடைந்தது. 40,000-க்கு மேற்பட்ட பெட்டிகள், பத்துக் கோடிக்கு மேற்பட்ட அஞ்சல்களும் நாட்காட்டிக் குறிப்புகளும். பொறுப்பு அமைச்சர் டிர்க் ஷ்ரோட்டர். மென்பொருள் அரசியலை அலசுவோர் அலசட்டும். இங்கே நமக்கு வேண்டியது வகுத்தல் கணக்கு. பெட்டிக்குச் சராசரி 2,500-ஐ ஒட்டி வருகிறது. 2,500 அஞ்சலால் எந்த சர்வரும் திணறாது. ஆனால் சராசரி பெட்டி என்று ஒன்று இருப்பதில்லை. ஜெர்மன் அலுவலகம் ஒவ்வொன்றிலும் தனிநபர் பெட்டிகளோடு ‘ஃபுங்க்ட்சியோன்ஸ்போஸ்ட்ஃபாஹ்’ என்ற பொதுப்பெட்டி உண்டு: தபால் பிரிவுக்கு ஒன்று, விண்ணப்பத்துக்கு ஒன்று, புகாருக்கு ஒன்று. பத்துப் பேர் திறப்பார்கள், யாருக்கும் சொந்தமில்லை. தன் பெட்டியை ஒழுங்காக வைப்பவரும் பொதுப்பெட்டியில் எதையும் அழிக்கத் துணிய மாட்டார், அடுத்தவருக்குத் தேவைப்படுமோ என்ற பயம். நியாயமான பயம்தான். ஆகவே எல்லாப் பயனருக்கும் ஒரே சுற்றறிக்கை அனுப்புவதைவிட, மிகப் பெரிய இருபது ஃபோல்டர்களின் பட்டியலை எடுத்து ஒவ்வொன்றுக்கும் ஒரு பொறுப்பாளரை நியமிப்பது பலமடங்கு பயன் தரும்.

சட்டத்தைப் பார்த்தால் வாதம் இன்னும் இறுகுகிறது. ஜெர்மனியின் உச்ச நீதிமன்றமான பி.ஜி.எச். 2022 அக்டோபர் 6 அன்று தந்த தீர்ப்பின்படி, வணிக நேரத்தில் பெறுநரின் மெயில் சர்வரில் எடுக்கத்தக்க நிலையில் வந்து நின்ற அஞ்சல், நிறுவனங்களுக்கிடையேயான வணிகத்தில், வந்து சேர்ந்ததாகவே கொள்ளப்படும். அவர் திறந்து படித்தாரா என்பது கேள்வியில்லை. பான் மாவட்ட நீதிமன்றம் 2014 ஜனவரியிலேயே ஒரு வழக்கறிஞர் விஷயத்தில், தொழிலுக்கெனக் கொடுத்த முகவரியின் ஸ்பேம் ஃபோல்டரையும் தினமும் பார்க்க வேண்டும் என்றது. அதாவது யாரும் எட்டிப் பார்க்காத ஃபோல்டர் என்று சட்டத்தின் கண்ணில் ஒன்றுமில்லை. மறுபக்கம், வணிகச் சட்டமும் வரிச் சட்டமும் வணிகக் கடிதங்களை ஆறு ஆண்டு வைத்திருக்கச் சொல்கின்றன. மின்னஞ்சலும் வணிகக் கடிதமே. கணக்குச் சான்றுகளுக்கு இருந்த பத்து ஆண்டு 2025 முதல் எட்டாகக் குறைந்தது. இன்னொரு பக்கம் 2018 மே 25 முதல் நடைமுறையில் உள்ள தரவுப் பாதுகாப்பு ஒழுங்குமுறை, தேவை முடிந்த தனிநபர் விவரத்தை அழிக்கச் சொல்கிறது. வேலை கேட்டு வந்த விண்ணப்பம் ஒன்றை, வழக்குக்கான கெடுக்கள் முடிந்ததும், நடைமுறையில் ஏறத்தாழ ஆறு மாதத்தில் அழித்துவிடுகிறார்கள். இப்போது ஒரு சிறு நிறுவனத்தின் இன்பாக்ஸை நினைத்துப் பாருங்கள். ஒரு வரியில் எட்டு ஆண்டு வைக்க வேண்டிய பில், அடுத்த வரியில் ஆறு மாதத்தில் போக வேண்டிய விண்ணப்பம், அதற்கடுத்து நாளைக்கே வேண்டாத விளம்பரம். மூன்றும் ஒரே ஃபோல்டரில் கிடந்தால் “பழையதை அழி” என்பவரும் சட்டத்தை மீறுவார், “எதையும் தொடாதே” என்பவரும் மீறுவார்.

இந்த முடிச்சை அவிழ்க்கும் வழி தமிழ்நாட்டு அரசு அலுவலகம் அறிந்தவர்களுக்குப் புதிதாக இருக்காது. நம் கலெக்டர் அலுவலகங்களில் தபால் பிரிவு வேறு, ரெக்கார்டு ரூம் வேறு. ஒரு கோப்பு முடியும்போதே அது ஆர்.டிஸ்.-ஆ, டி.டிஸ்.-ஆ, கே.டிஸ்.-ஆ, எல்.டிஸ்.-ஆ என்று எழுதிவிடுவார்கள்: நிரந்தரமாகவா, பத்து ஆண்டா, மூன்று ஆண்டா, ஓர் ஆண்டா என்பது அன்றே தீர்ந்தது. அறை நிரம்பி வழியும் நாளில் உட்கார்ந்து யோசிப்பதில்லை. கோப்பின் ஆயுளை அதைக் கையாண்டவர், விவரம் மனதில் இருக்கும்போதே குறிக்கிறார். மின்னஞ்சலில் நாம் இழந்தது இந்த ஒரு பழக்கத்தைத்தான். ஜெர்மானியரின் ‘ரெஜிஸ்ட்ராட்டூர்’ என்ற கோப்புப் பதிவு முறையிலும் இதே சிந்தனை உண்டு. ஆனால் அட்டைக் கோப்போடு அது நின்றுவிட்டது, இன்பாக்ஸ் வரை வந்து சேரவில்லை.

மறுப்புகளைப் பார்க்கலாம். வட்டு மலிவு, வாங்கிப் போட்டால் தீர்ந்தது என்பது முதலாவது. வட்டு மலிவுதான், ஆனால் ஐநோடு கணக்கும் பருத்த அடைவும் ஒரு லட்சத்தில் தடுமாறும் அவுட்லுக்கும் வட்டு வாங்கினால் மாறுவதில்லை. பேக்கப் எடுக்கும் நேரமும், அதைவிட முக்கியமாக, பேக்கப்பிலிருந்து மீட்கும் நேரமும் கூடிக்கொண்டே போகும். இரண்டாவது மறுப்பு கனமானது: நல்ல தேடல் இருந்தால் ஃபோல்டரே எதற்கு? 2004-இல் ஒரு கிகாபைட் இலவச இடத்தோடு வந்த ஜிமெயில் (ஜெர்மனியில் பெயர் வழக்கினால் 2012 வரை கூகுள் மெயில்) உலகத்துக்குச் சொன்ன பாடம் அதுதான். தேடுவதற்கு அது சரி. ஆனால் தேடல் ஆயுளைத் தீர்மானிப்பதில்லை. எதைத் தேடுவது என்று தெரிந்தவருக்கு மட்டுமே தேடல் உதவும்; எதை அழிக்கலாம் என்று கேட்பவருக்கு அதனிடம் பதில் கிடையாது. தவிர, சாதாரண ஐமேப் சர்வரில் முழுஉரைத் தேடல் இன்டெக்ஸ் அமைக்காவிட்டால், உள்ளடக்கத்தில் ஒரு சொல்லைத் தேட ஒவ்வொரு அஞ்சலையும் திறந்து படிக்க வேண்டியிருக்கிறது. சர்வரைத் திணறடிக்கும் வேலைகளில் இதுவே முதன்மை.

மூன்றாவது தரப்பு, வரத்தையே குறை என்கிறது. இதற்கு ஜெர்மனியில் நல்ல முன்மாதிரிகள் இருக்கின்றன. ஃபோல்க்ஸ்வாகன் 2011 இறுதியில், பணி நேரம் முடிந்து அரை மணிக்குப் பின் ஊழியர்களின் பிளாக்பெரிக்கு அஞ்சல் போவதை சர்வரிலேயே நிறுத்தியது. டைம்லர் நிறுவனம் 2014-இல் இன்னும் ஒரு படி போனது: விடுப்பில் இருக்கும் ஊழியர் விரும்பினால், அவருக்கு வரும் அஞ்சல் அழிக்கப்படும், யாரைத் தொடர்பு கொள்வது என்று அனுப்பியவருக்குத் தகவல் போகும். திரும்பி வருபவர் காலியான இன்பாக்ஸைத் திறக்கிறார். மனிதர்களின் ஓய்வை மதிக்கும் இந்த ஏற்பாட்டை மனமாரப் பாராட்ட வேண்டும். ஆனாலும் இது புதுக் குவியலைத் தடுக்குமே தவிர இருக்கும் குவியலைத் தொடாது. நாலாவதாக, கெடு வைத்துத் தானாக அழிக்கும் முறை. ஜெர்மன் வழக்கறிஞர்களுக்கான ‘பே-ஆ’ மின்பெட்டியில் 90 நாள் ஆன செய்தி குப்பைத் தொட்டிக்குப் போகிறது, மேலும் 30 நாளில் மறைகிறது. கடுமையாகத் தோன்றும். ஆனால் அது ஒரு விஷயத்தை ஐயமின்றிச் சொல்லிவிடுகிறது: இந்தப் பெட்டி வாசல், கிடங்கு உன் அலுவலகத்தில் இருக்கட்டும். வழக்கறிஞர்கள் வழக்குக் கோப்பில் சேமிக்கப் பழகிக்கொண்டார்கள். எல்லா நிறுவனத்துக்கும் 120 நாள் பொருந்தும் என்று நான் சொல்லவில்லை. கிடங்கு தயாராகாமல் வாசலைக் காலி செய்யும் விதி ஆபத்தானது.

ஆக, வரிசை முக்கியம். முதலில் எண்ணுங்கள்: ஃபோல்டர்வாரியாக அஞ்சல் எண்ணிக்கை, பிறகு கிலோபைட், பிறகு மீதி ஐநோடு. அடுத்து, எந்தச் சேமிப்பு முறை என்று அறிந்து, முழு பேக்கப் எடுத்த பிறகே இன்டெக்ஸைத் தொடுங்கள். பிறகு பெரிய ஃபோல்டர்களை ஆண்டுவாரியாகப் பிரியுங்கள். சட்டப்படி வைக்க வேண்டியவற்றை, பயனர் மாற்றவோ அழிக்கவோ முடியாத தனிக் காப்பகத்துக்கு நகலெடுங்கள். ஜெர்மன் நிதி அமைச்சகத்தின் ‘கோபிடி’ விதிகள் கேட்பதும் இதைத்தான். அதே விதிகள் ஒரு சலுகையும் தருகின்றன: பில்லை ஏந்தி வந்ததைத் தவிர வேறு சேதி இல்லாத அஞ்சலை, கடித உறையைப் போலக் கருதி, வைக்காமல் விடலாம். இத்தனையும் முடிந்தபின் அழியுங்கள், இரண்டாம் படியான எக்ஸ்பஞ்சோடு சேர்த்து. ஆண்டுவாரியாகப் பிரிக்கச் சொல்வது நிர்வாகியின் வசதிக்காக மட்டுமில்லை. ஜெர்மன் வணிகச் சட்டத்தில் காப்புக் காலம் கடிதம் வந்த நாளிலிருந்து ஓடுவதில்லை. அந்தக் காலண்டர் ஆண்டின் முடிவிலிருந்து ஓடுகிறது. 2019 மார்ச்சில் வந்த வணிகக் கடிதத்துக்கும் 2019 நவம்பரில் வந்ததற்கும் கெடு ஒன்றுதான்: 2025 டிசம்பர் 31.